ஹேஸ்டிங்ஸ் இல்லாத பொய்ரோ: ஒன்பதாம் சீசனுக்கு மேல் பார்க்கலாமா?

திண்ணைவாசி

நாலு மாதமாக, சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்த பிறகு, வாரத்துக்கு மூன்று என்ற கணக்கில், அகதா கிறிஸ்டி எழுதிய பெல்ஜியத் துப்பறிவாளர் பொய்ரோவாக டேவிட் சூஷே நடித்த ஆங்கில டி.வி. தொடரைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். 1989-இல் ஆரம்பித்ததை இப்போதுதான் பார்க்கிறாயா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான். எட்டாம் சீசன் வரை முடித்தாயிற்று. நேற்று ஒன்பதைப் போட்டேன். அந்த சாக்ஸபோன் டைட்டில் இசையைக் காணோம், பொய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸைக் காணோம், போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாப்பைக் காணோம், செயலாளர் மிஸ் லெமனும் இல்லை. கேமரா வேறு கையில் பிடித்த மாதிரி ஆடுகிறது, எல்லோர் முகத்திலும் ஒரு இழவுக் களை. தெரு மாறி யாரோ ஒருவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

மேற்கொண்டு பார்க்கலாமா, இல்லை இதோடு கும்பிடு போட்டுவிடலாமா? ஒரே வேண்டுகோள், கொலையாளி பெயரை மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். ஏற்கனவே ஒரு வீடியோவின் முகப்புப் படத்திலேயே அம்பு போட்டுக் காட்டி ரோஜர் அக்ராய்ட் கதையை எனக்குக் கெடுத்துவிட்டார்கள், அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை.

நைட் ஷிப்ட்

நிறுத்தியது நல்ல முடிவு. 2001-ஐ ஒட்டி எடுத்ததோடு தொடர் முடிந்துவிட்டது என்பது என் கட்சி. அதற்கு மேல் வருவது அதே மீசை ஒட்டிய வேறொரு தொடர். சிரிப்பு போய்விட்டது, வெயில் போய்விட்டது. முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள், கிளாப்ஹாமில் ஒரு வீட்டுச் சமையல்காரி காணாமல் போகிறார். இதெல்லாம் ஒரு வழக்கா என்று பொய்ரோ மூக்கைச் சுளிக்கிறார். நல்ல சமையல்காரி கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று அந்த வீட்டம்மா எகிறியதும் ஆள் அடங்கிவிடுகிறார். பிறகு அதே அம்மா, வழக்கு வேண்டாம் என்று ஒரு கினிக்கு (ஒரு பவுனுக்குச் சற்றே மேல்) செக் அனுப்பி இவரைக் கழற்றிவிடுகிறார். அந்தச் செக்கை பொய்ரோ சட்டம் போட்டு மாட்டுகிறாரே, அந்த ரோஷத்துக்காகத்தான் நான் பார்த்தேன். பின்னால் வந்த சீசன்களில் அந்த மனிதர் எங்கே?

மல்லிகா டீச்சர்

நைட் ஷிப்ட் தம்பி கொஞ்சம் கோபமாக இருக்கிறார். மாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்திலிருந்து தயாரிப்பைப் பார்த்துக்கொண்ட பிரையன் ஈஸ்ட்மேனும், திரைக்கதையில் பெரும்பங்கு எழுதிய கிளைவ் எக்ஸ்டனும் எட்டாம் சீசனோடு விலகிவிட்டார்கள். அந்த 1930-களின் வளைவான வெள்ளைக் கட்டடங்களும், காரும், தொப்பியும், கேலிப் பேச்சும் அவர்கள் காலத்துப் பாணி. 2003-இல் வந்த புதுக் குழுவுக்குக் கேலியில் அவ்வளவு ஆர்வமில்லை.

இன்னொன்று. ஹேஸ்டிங்ஸை "எடுத்துவிட்டார்கள்" என்று எல்லோரும் சொல்கிறோம். பொய்ரோ நாவல்கள் 33, அதில் ஹேஸ்டிங்ஸ் வருவது எட்டே எட்டில். இரண்டாவது நாவலிலேயே அவரை ஒரு பெண்ணோடு சேர்த்துவைத்து அர்ஜென்டினாவுக்குக் கப்பலேற்ற கிறிஸ்டி தயாராகிவிட்டார். நீங்கள் ரசித்துப் பார்த்த பல எபிசோடுகளில் அவரைத் தொடர்க்காரர்கள்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். 'மர்டர் இன் மெசபடோமியா' கதையிலும் அப்படித்தான். மிஸ் லெமனும் புத்தகத்தில் இப்படி இல்லை. அங்கே அவர் எலும்பும் தோலுமாக, கோப்புகளை அடுக்கும் முறை ஒன்றைத் தவிர வேறெதிலும் அக்கறையில்லாத ஒரு மனித இயந்திரம். பாலின் மோரன் நடிப்பில் வந்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு ரத்தமும் சதையும் கிடைத்தது. ஆக 2003-க்குப் பிறகு வந்ததுதான் புத்தகத்துக்குக் கிட்டத்தில் இருக்கிற தனிமைப் பொய்ரோ.

நைட் ஷிப்ட்

டீச்சர், புத்தகத்தில் இல்லை என்பதற்காக எனக்குப் பிடித்ததை நான் ஏன் விட வேண்டும்? சமையலில் பாட்டி போடாத பெருங்காயத்தை அம்மா போட்டார், ருசியாக இருந்தது, அவ்வளவுதான்.

புதுவரவு

வணக்கம். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு இந்தத் தொடரைப் பழக்கிவிட்டேன், சப்டைட்டிலைக்கூடப் பார்க்காமல் கதையைப் பிடித்துக்கொள்கிறார். அடுத்து 'டம்ப் விட்னஸ்' பார்க்க வேண்டும். அதில் நாய் ஒன்று இருப்பது படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாய்க்கு ஒன்றும் ஆகாதே? அது தெரியாமல் போடக்கூடாது என்கிறார்.

திண்ணைவாசி

ஸ்பாய்லர் கூடாது என்று நான்தானே விதி போட்டேன், நானே எப்படி மீறுவது. யாராவது தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

லண்டன் குளிர்

தம்பி, நான் இருக்கிற இடத்திலிருந்து பொய்ரோ வீடு ரயிலில் அரை மணித்தியாலம். வைட்ஹேவன் மேன்ஷன்ஸ் என்று காட்டுவது உண்மையில் சார்ட்டர்ஹவுஸ் சதுக்கத்தில் இருக்கிற புளோரின் கோர்ட். 1936-இல் கட்டினது. போன கிழமை அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது நின்று பார்த்தேன். முன்பக்கச் சுவர் அலை மாதிரி வளைந்து உள்ளே போய் வெளியே வரும், தொடரில் பார்த்ததைவிட நேரில் இன்னும் வடிவு. உள்ளே விடமாட்டார்கள், ஆட்கள் குடியிருக்கிற இடம். வாசலில் நின்று படம் எடுத்தவர்களில் நான் மூன்றாவது ஆள், முதல் இரண்டு பேரும் ஜப்பானியர்கள் போல இருந்தது.

பெக்ஸ்ஹில் கடற்கரைக்கும் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். 'ஏ.பி.சி. கொலைகள்' எபிசோடில் வருகிற டெ லா வார் மண்டபம் அங்கேதான் இருக்கிறது, கண்ணாடியும் வெள்ளையுமாக. பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் பெரிது, எனக்கு மாடிப்படி பெரிது.

நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்பதாம் சீசனில் நீங்கள் பாதியில் விட்டது 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' தானே?

திண்ணைவாசி

ஆமாம் அண்ணா, அதேதான்.

மருந்துக்கடை

ஐயோ, அதையா நிறுத்தினீர்கள். நான் மருந்தாளுநர், அதனால் எனக்கு இந்தக் கதைகளில் வேறு ஒரு சுவாரசியம். கிறிஸ்டி முதல் உலகப் போரில் டார்க்கீ மருத்துவமனையில் முதலில் நர்ஸ், பிறகு மருந்து கலக்கும் பிரிவில் வேலை. முதல் நாவலான ஸ்டைல்ஸை அங்கே இருந்தபோது 1916-இல் எழுதினார், அச்சுக்கு வந்தது 1920-இல். ஸ்ட்ரிக்னின் சீக்கிரம் வேலை செய்கிற விஷம், அதில் கொலையாகும் அம்மா விஷயத்தில் ஏன் அவ்வளவு தாமதமானது என்ற ஒரே கேள்வியில் முழு நாவலும் நிற்கிறது. விடை மருந்தியல் படித்தவன் தலையில் அடித்துக்கொள்ளும் மாதிரி எளிமையானது. அந்தப் புத்தகத்தைப் பாராட்டி அந்தக் காலத்து மருந்தாளுநர் பத்திரிகையே எழுதியது. எங்கள் தொழிலில் ஒரு நாவலுக்கு அதைவிடப் பெரிய விருது கிடையாது.

நீங்கள் பாதியில் விட்டதில் விஷம் ஹெம்லாக் என்ற நச்சுச் செடியிலிருந்து எடுக்கிற கோனைன். அது ஆளைத் துடிக்க வைக்காது. தசைகள் ஒவ்வொன்றாக அடங்கும், புத்தி கடைசி வரை தெளிவாக இருக்கும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு அந்த ஓவியர் படம் வரையும் தாங்கிப் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பாருங்கள். இதற்கு மேல் எழுதினால் விதியை மீறியதாகிவிடும்.

மல்லிகா டீச்சர்

மருந்துக்கடை சொன்னதோடு சேர்த்து ஒன்று. அந்தக் கதையில் பொய்ரோவுக்குத் தடயம் என்று கையில் எதுவும் கிடையாது. பல வருடத்துக்கு முன் நடந்த கொலை. தண்டனை பெற்ற பெண்ணும் இப்போது உயிரோடு இல்லை. அவள் மகள் வந்து அம்மா குற்றவாளி இல்லை என்கிறாள். அன்று அந்த வீட்டில் இருந்த ஐந்து பேர், ஐந்து ஞாபகம், அவ்வளவுதான் சரக்கு. கேமரா ஆடுவது அந்த ஞாபகக் காட்சிகளில். ஞாபகம் ஆடாமல் இருக்குமா? இந்தக் கதையில் ஹேஸ்டிங்ஸ் வந்து "நல்ல வெயில் இல்லையா பொய்ரோ" என்று சொன்னால் நமக்கே சங்கடமாக இருக்கும்.

துணைக்கு ஒரு நண்பர் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரே துப்பறியும் கதை எழுதியவர், 1929-இல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளை எழுதினார். அதில் ஒன்று, துப்பறிபவரின் மந்தமான நண்பனுக்குச் சராசரி வாசகனைவிட ஒரு துளி, ஒரே ஒரு துளி, புத்தி குறைவாக இருக்க வேண்டும். அவன் மனதில் தோன்றுவதை ஒளிக்கவும் கூடாது. ஹேஸ்டிங்ஸைப் பார்த்து நாம் சிரிக்கும்போது, அவருக்கு ஒரு படி மேலே நிற்கிறோம் என்ற நினைப்பில் நாமும் அதே பொறியில் விழுந்துகொண்டிருப்போம். அவர் போன பிறகு அந்த மெத்தை கிடையாது, நேரே பொய்ரோ முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் பலருக்குக் குளிர்கிறது.

நைட் ஷிப்ட்

இது நியாயமான பாயின்ட், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஏ.பி.சி.யில் ஹேஸ்டிங்ஸ் தென் அமெரிக்காவிலிருந்து பாடம் செய்த முதலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவாரே, பெயர் செட்ரிக், அது நாறும் வேறு. அதை எப்படிச் சுட்டேன் என்ற கதையைச் சொல்ல வாயெடுப்பார், கேட்க ஒருவருக்கும் நேரமிருக்காது. ஊரில் எழுத்து வரிசைப்படி ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆண்டோவர், பெக்ஸ்ஹில், சர்ஸ்டன் என்று, இவருக்கு முதலைக் கவலை. கொலைக்கும் முதலைக்கும் நடுவில் அந்த எபிசோட் நடக்கிற நடை இருக்கிறதே, அது பின்னால் யாருக்கும் வரவில்லை.

அதே எபிசோடில் துப்பு வைத்திருக்கும் விதமும் அழகு. மூன்றாவது கடிதம் முகவரி மாறித் தாமதமாக வரும். நான் தபால்காரர் பிழை என்று நினைத்து டீ போடப் போய்விட்டேன். எல்லாம் முடிந்த பிறகுதான் உறைத்தது. கண்ணுக்கு நேரே வைத்துவிட்டு, பார்க்காதது உன் தப்பு என்கிறார்கள்.

லண்டன் குளிர்

அதுதான் இந்த வகைக் கதையின் நேர்மை. காட்டாத ஒன்றை வைத்து ஏமாற்றினால் கோபம் வரும், காட்டினதை வைத்து ஏமாற்றினால் கைதட்டத் தோன்றும்.

எழுத்தில் செய்கிற சில வித்தைகளைப் படத்தில் செய்ய முடியாது என்பதும் இருக்கிறது. திண்ணைவாசிக்குக் கெட்டுப்போன அந்த ரோஜர் அக்ராய்ட், 1926-இல் வந்த நாவல், அதன் தந்திரம் வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கேமராவுக்கு வாக்கியம் கிடையாது. 2000-இல் தொடரில் வந்தபோது ஒரு நாட்குறிப்பை வாசிக்கிற மாதிரி வைத்துச் சமாளித்தார்கள், எனக்குப் பாதிதான் திருப்தி. ஆகவே தம்பி, உங்களுக்குப் பெரிய நட்டமில்லை. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்கள் யாராவது இன்னும் தொடவில்லை என்றால் படம் பார்க்க முதல் புத்தகத்தை எடுங்கள். ஓய்வு பெற்ற பொய்ரோ கிராமத்தில் சுரைக்காய் மாதிரி ஒரு காயை வளர்த்து, அது சொன்னபடி வளராத ஆத்திரத்தில் மதிலுக்கு மேலாக எறிகிற இடம் ஒன்றே காசுக்குக் காணும்.

கட்டை விரல்

எல்லோரும் பொய்ரோ பொய்ரோ என்று எழுதுகிறீர்களே, ப்வாரோ என்பதுதானே கிட்டத்தட்டச் சரி?

நைட் ஷிப்ட்

பொய்யைப் பிடிக்கிறவர் பெயரிலேயே பொய் இருக்கட்டும் விடுங்கள். பிரெஞ்சுக்காரர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவருக்குக் கோபம் வருவது அதற்குத்தான்.

மல்லிகா டீச்சர்

சூஷே அந்த உச்சரிப்புக்கே பாடுபட்டிருக்கிறார். பெல்ஜிய வானொலியையும் பிரெஞ்சு வானொலியையும் மாற்றி மாற்றிக் கேட்டு, தன் குரலை நெஞ்சிலிருந்து எடுத்துத் தலைக்கு ஏற்றியதாகச் சொல்கிறார். புத்தகங்களைப் படித்துப் பொய்ரோவின் குணங்களை 93 குறிப்புகளாக எழுதிக் கையில் வைத்திருந்தாராம். அந்தத் தத்து நடைக்கு, பின்பக்கத்தில் ஒரு காசை இடுக்கிக்கொண்டு கீழே விழாமல் நடந்து பழகியிருக்கிறார்! வகுப்பில் சொல்ல முடியாத விஷயம், இங்கே சொல்கிறேன்.

இதில் வேடிக்கை, 1985-இல் பீட்டர் உஸ்தினோவ் பொய்ரோவாக நடித்த ஒரு டி.வி. படத்தில் சூஷே இன்ஸ்பெக்டர் ஜாப்பாக வந்திருக்கிறார். என் வாழ்க்கையிலேயே மோசமான நடிப்பு அதுவாக இருக்கலாம் என்று பிறகு அவரே சொல்லிக்கொண்டார். பொய்ரோ வாய்ப்பு வந்தபோது செய்தி வாசிப்பாளரான அண்ணன் ஜானிடம் கேட்க, அந்தப் பக்கமே போகாதே என்றாராம் அண்ணன். தம்பி பேச்சைக் கேட்கவில்லை, 70 எபிசோட் ஆனது.

புதுவரவு

அம்மா மறுபடி கேட்கிறார். நாய்?

நைட் ஷிப்ட்

எட்டுக்கு மேல் நான் பார்த்தது ஒன்று உண்டு, அதையும் சொல்லி அடி வாங்கிக்கொள்கிறேன். 2010-இல் வந்த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ். ரயில் என்றதும் வெள்ளித் தட்டு, பட்டுத் திரை, பனி என்று ஆசையாக உட்கார்ந்தேன். பொய்ரோ ஜெபமாலையை உருட்டிக்கொண்டு எல்லோர் மீதும் எரிந்து விழுகிறார். ரயிலில் சூடு வேறு நின்றுபோய் ஆட்கள் நடுங்குகிறார்கள். முடியும்போது எனக்கே ஜுரம் வருகிற மாதிரி இருந்தது.

லண்டன் குளிர்

எனக்கு அதுதான் பிடித்தது. அந்தக் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்காக நான் எழுதவில்லை. தெரிந்த பிறகு பார்க்க என்ன மிச்சம்? இந்த முடிவை எடுத்தால் இந்த மனிதனுக்கு இரவு நித்திரை வருமா என்ற கேள்விதான். மற்றப் படங்களில் பொய்ரோ தீர்ப்பைச் சொல்லிவிட்டு மீசையைத் தடவுகிறார். இதில் பனியில் நடந்து போகும்போது சூஷேயின் முகத்தைப் பாருங்கள். ஒழுங்குக்கு அடிமையான ஆள், இரண்டு படம் சுவரில் கோணலாக இருந்தால் தாங்க மாட்டார். அப்பேர்ப்பட்டவரிடம் நேராக்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள்.

மருந்துக்கடை

நான் நடுவில். சில கதைகளில் புதுக் குழு கை அதிகமாக நீண்டுவிட்டது. 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்' நாவலைப் படித்துவிட்டுப் படத்தைப் போட்டால் வேறு கதைக்கு அதே பெயர் வைத்த மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் இருட்டாக்கினால் ஆழம் வந்துவிடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' அந்தப் பட்டியலில் இல்லை. போய்ப் பாருங்கள் திண்ணைவாசி.

திண்ணைவாசி

பார்த்துவிட்டேன். முந்தாநாள் ராத்திரி. மருந்துக்கடை சொன்ன அந்த ஓவியர் காட்சி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அப்படியும் எனக்கு ஆள் பிடிபடவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்த ஆளை நாற்பது நிமிடம் முறைத்துக்கொண்டே இருந்தேன், அந்த ஆள் பாவம். முடிந்த பிறகு டி.வி.யை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதல் சீசன்கள் பார்த்தபோது ஒருநாளும் இப்படி இருந்ததில்லை, முடிந்ததும் பல் தேய்க்கப் போய்விடுவேன்.

ஆனாலும் நைட் ஷிப்ட் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கத்தான் செய்கிறது. அந்த மூன்று பேரும் திரும்ப வருவார்களா மாட்டார்களா, இதை மட்டும் சொல்லுங்கள், இது ஸ்பாய்லர் கணக்கில் வராது.

மல்லிகா டீச்சர்

வருவார்கள். 2013-இல், கடைசி சீசனில், 'தி பிக் ஃபோர்' கதையில் மூவரையும் பார்க்கலாம். நரைத்திருப்பார்கள். ஹேஸ்டிங்ஸ் கடைசிக் கதையான 'கர்ட்டன்'-இலும் உண்டு, மறுபடி முதல் நாவல் நடந்த அதே ஸ்டைல்ஸ் வீட்டில். அந்த நாவலை கிறிஸ்டி இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்துவிட்டு 1975-இல்தான் வெளியிட்டார். அப்போது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் பொய்ரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது, இல்லாத ஒரு மனிதருக்கு!

படப்பிடிப்பில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். கடைசி சீசனில் கர்ட்டனைக் கடைசியாக எடுக்கவில்லை, முதலிலேயே எடுத்துவிட்டார்கள். கடைசியாக எடுத்தது 'டெட் மேன்ஸ் ஃபாலி', அதுவும் டெவனில் டார்ட் ஆற்றங்கரையில் கிறிஸ்டியின் சொந்த விடுமுறை வீடான கிரீன்வேயில். ஆகவே சூஷே மீசையைக் கழற்றியது படுக்கையில் கிடந்த பொய்ரோவாக இல்லை, நல்ல திடகாத்திரமாக நடமாடிய பொய்ரோவாக.

நைட் ஷிப்ட்

இது தெரியாது டீச்சர். சரி, பிக் ஃபோர் மட்டும் பார்க்கிறேன். மட்டும்.

லண்டன் குளிர்

எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் இதே ஆள் கர்ட்டனைப் பற்றி இரண்டு பக்கம் கதைப்பார்.

மருந்துக்கடை

புதுவரவு அவர்களே, பாவம் உங்கள் அம்மா எத்தனை நாள் காத்திருப்பார், விதியை நான் மீறுகிறேன். நாய் பெயர் பாப். அதற்கு ஒன்றும் ஆகாது. தைரியமாகப் போடுங்கள்.

புதுவரவு

ரொம்ப நன்றி. நேற்றே போட்டுவிட்டோம். முழுதாக உட்கார்ந்து பார்த்தார், நடுவில் எழுந்திருக்கவே இல்லை. முடிந்ததும் கொலை செய்தது யார் என்று சும்மா சோதித்துப் பார்த்தேன். "அதையெல்லாம் யார் கவனித்தது, அந்த நாய் பந்தை வைத்து விளையாடுகிற இடத்தை இன்னொரு தரம் போடு" என்றார்.